பந்தலடிக்குப் பழகிய குட்டி

நாய்க்குட்டி ஒன்றை வீட்டை நனைக்காமல் பழக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். இரண்டு கிழமை, பதினாலே நாள் போதும் என்று போன் வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்வதை நானும் பார்த்திருக்கிறேன். அவன் வீட்டுக்கு முன்னால் புல்வெளி, பின்னால் புல்வெளி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து பழக்கிக் காட்டட்டும், அப்புறம் பேசட்டும். எங்களுக்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் பழக்கியது என் மனைவிதான். நான் கத்தினேன், அவ்வளவுதான்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிழமைகூடத் தங்கவில்லை. அதற்குப் பிறகு என் மனைவி கொழுந்து பறிக்கப் போவதை விட்டுவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். சோறு போட்டு வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். நான் காலையில் நோர்வூட் டவுனுக்கு, ஹார்ட்வெயார் கடை வேலைக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்பினால் விட்டுப்போன மாதிரியே கிடப்பாள். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா பழைய ஸ்வெட்டரில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பார்த்தால் நாய்க்குட்டி. எனக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இருப்பது ஒரே ஒரு அறையும் அடுப்பு வைக்கிற ஒரு குசினியும், இதில் நாய் வேறயா என்று குதித்தேன். அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தம்பி, இது உங்களுக்கு இல்ல, அவளுக்கு" என்று மட்டும் சொல்லி, அவள் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். போட்ட நிமிடமே அது அவள் பாவாடையை நனைத்தது. என் மனைவி குட்டியைக் கையில் பிடித்தபடி எழுந்து, தண்ணீர் விழுகிற பீலிக்குக் கழுவப் போனாள். யாரும் சொல்லாமல் அவளாக எழுந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த இடத்திலேயே நான் வாயை மூடியிருக்கலாம், மூடவில்லை.

அது செய்த அநியாயம் கொஞ்சமா நஞ்சமா! அடுப்புச் சாம்பல் சூடாக இருக்கிறது என்று அதற்குள் போய்ப் படுக்கும், அங்கேயே ஒண்ணுக்கு இருக்கும். கடைக்குப் போட்டுப்போகிற என் சட்டையிலும் இருந்தது. மூலையில் மடித்து வைத்திருந்த படங்கை, கொழுந்து பறிக்கையில் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் அந்தச் சாக்கை, தினமும் தேடிப்போய் நனைத்தது. மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தால் திருந்திவிடும் என்று லயத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஒரு தடவை கையை ஓங்கினேன். என் மனைவி எழுந்து வந்து பேப்பரைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். "சின்னப் புள்ளைக்கு என்னாங்க தெரியும்" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் சூடு இருந்தது. எனக்குத் திட்டு வாங்கியதில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

லயம் என்றால் ஒரே கூரை, அதற்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. முன்னால் இருக்கிற வாசல் எல்லோருக்கும் பொது. தண்ணீர் ஓடுகிற கானும் பொது. அதில் எங்கள் நாய் அசிங்கம் பண்ணினால் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவார்கள். மேலே ஏறினால் தேயிலை, அங்கே விட்டால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் கூடி மலைக்கு ஏறுகிற பெண்களின் காலில்தான் படும். பக்கத்தில் இருப்பதெல்லாம் மற்றவர்களின் காய்கறிப் பாத்தி, லீக்ஸும் கோவாவும். மிச்சம் எங்கள் குசினிக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு மண், அதன்மேல் நாங்கள் கட்டிய சவ்சவ் பந்தல். அதுவும் தோட்டக் கம்பெனி நிலம்தான். நாங்களாக எங்களுடையது என்று சொல்லிக்கொண்டோம்.

ஆகவே அவள் ஒரே சட்டம் போட்டாள்: பந்தலடி, வேறு எங்கும் இல்லை. கான் ஓரத்தில் உட்காரப் போனால் பாதியிலேயே அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவள் கையெல்லாம் வழியும், கவலைப்படமாட்டாள். தூங்கி எழுந்தால் பந்தலடி, தின்று முடித்தால் பந்தலடி. அது அங்கே போனதும் ஒரு துண்டு ரொட்டியும், பரீட்சை பாஸ் பண்ணின பிள்ளைக்குச் சொல்கிற அளவு பாராட்டும் கிடைக்கும். மழைக்காலத்தில் எங்கள் குட்டித் துரைக்கு நனையப் பிடிக்காது. நான் அதன் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். லயத்தில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். என்ன தம்பி, சாமி ஊர்வலமா என்று அக்கா கேட்டார். சிரிக்கட்டும். அதன் பின்னால் வெளியே போய் வரத் தொடங்கிய என் மனைவி அந்த மாதமே மறுபடி கொழுந்துக் கூடையை எடுத்தாள்.

நாலாவது மாதம் குட்டி தானாகக் கதவைச் சுரண்டியது. திறந்ததும் நேராகப் பந்தலடிக்கு ஓடி, வேலையை முடித்து, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவள் பாயாசம் வைத்தாள். பைத்தியமா உனக்கு, நாய் ஒண்ணுக்குப் போனதற்கு யாராவது பாயாசம் வைப்பார்களா என்று கேட்டுக்கொண்டே நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

பிறகு அந்த மழை வந்தது. விடாமல் கொட்டியது. லயத்துக்கு மேலே தேயிலைக்கு நடுவில் நிலம் வாய் பிளந்து நின்றது. கிராம சேவகர் வந்து, எல்லோரும் உடனே இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னார். உடுதுணி, அடையாள அட்டை, குழந்தைகள், அவ்வளவுதான் எடுத்தோம். என் மனைவி குட்டியைச் சேலைக்குள் வைத்து எடுத்துவந்தாள். பள்ளிக்கூட மண்டபத்தில் நாயை விட முடியாது என்றார்கள். அக்கா போய்ப் பேசிப் பார்த்தார். உள்ளே அசிங்கம் பண்ணாதவரை இருக்கட்டும், பண்ணினால் வெளியே என்று முடிவானது. என் மனைவி தலை நிமிர்ந்து, அது பண்ணாது என்றாள்.

பண்ணவே இல்லை. அவள் சேலை முனையில் சுருண்டு படுத்துக்கொண்டது. பெத்த பிள்ளைகளே பாயை நனைக்கிறதுகள், இது நனைக்கவில்லையே என்று சனங்கள் மெச்சினார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் விடிந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அது வெளியிலும் போகவில்லை. மைதானத்தைச் சுற்றினோம், கக்கூசுக்குப் பின்னால் கொண்டுபோனோம், சவுக்கு மரத்தடியில் விட்டோம். மோந்து பார்க்கும், அவள் முகத்தைப் பார்க்கும், வந்து காலடியில் உட்கார்ந்துகொள்ளும். ஆசிரியர் விடுதி வேலியில் படர்ந்திருந்த சவ்சவ் கொடியை நான் ஒரு கை அறுத்துவந்து தரையில் பரப்பினேன். அதையும் மோந்தது. போகவில்லை. வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் முனகியது.

"ஒரே ஓட்டத்துல போயிட்டு வந்துடுறேங்க" என்றாள். பந்தலடிக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து லயம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது, ஆனால் ரோட்டில் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்தேன். மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"அது அடக்கிக்கிட்டு இருக்குங்க" என்றாள்.

"அடக்கட்டும். நீ உசுரோட இரு."

நாங்கள் இழுத்துக்கொண்டு நின்றபோது, சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்த கயிறு குட்டியின் கழுத்திலிருந்து நழுவியது. அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடக் கேட்டுக்குக் கீழே புகுந்து, மறித்த கயிற்றுக்கும் கீழே புகுந்து, மழையில் வீட்டுப் பக்கம் ஓடியது. என் மனைவி ஓடப் பார்த்தாள். நான் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். விடவில்லை. சாமி சத்தியமாக விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மலை சரிந்து இறங்கிய சத்தம் கேட்டது. ஒரு பெரிய லொறி நிறையக் கல்லை நம் தலைக்குப் பக்கத்திலேயே கொட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

லயத்தின் எங்கள் பக்கத்து ஆறு வீடும் போய்விட்டன. எங்கள் வீடு, அக்கா வீடு, பின்னால் இருந்த பந்தல், எல்லாம் மண். பார்க்க வந்த அதிகாரி மண்டபத்தில் நின்று, நல்ல காலம், நேரத்தோடு வந்துவிட்டீர்கள், ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று சொன்னார். சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். கும்பிடாமல் என்ன செய்வேன், என் மனைவி என் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் கையை மடியை விட்டு எடுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மண்ணு வர்றதுக்குள்ள அது ஒண்ணுக்குப் போயிருக்குமாங்க?"

போயிருக்கும் என்றேன். நிச்சயமாகவா என்றாள். நிச்சயமாக என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நான் நிச்சயம் என்றதைக் கேட்டுத்தான் அவள் முதல் தடவையாக அழுதாள். நானும் அழுதேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

இப்போது ஒரு மைதானத்தில் தகரக் கூடாரத்தில் இருக்கிறோம். பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு குடும்பம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வீடு தருவதாகச் சொல்கிறார்கள், எங்கே என்று சொல்லவில்லை. அவள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளோ என்று தினமும் பயந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அதனால் போன கிழமை, கடைக்கு வருகிற ஓர் ஆளிடம் கேட்டு ஒரு குட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். நானே வாங்கினேன். சட்டைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன், என் சட்டையை நனைத்தது, நான் கத்தவில்லை.

அவள் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்தாள், காதைத் தடவினாள். அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்னால் எல்லோரும் நடக்கிற பாதை. பின்னால் அடுத்த ஆளின் தகரச் சுவர். பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். திரும்பி வந்து குட்டியை என் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய்க் குடுத்துருங்க" என்றாள். "எந்த எடம்னு சொல்லி நான் பழக்குறது?"