மதுரையைக் காலி செய்தவர்

பெரிய பெரிய ராஜாக்கள் படையெடுத்து வந்தும் மதுரையை முழுசாகக் காலி செய்ய முடியவில்லை. தல்லாகுளத்தில் ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு தனிஸ்லாஸ் அதைச் செய்தார். அவரிடம் இருந்ததெல்லாம் மெல்லிய பிரஷ் ஒன்று, சிவப்புச் சாயம் ஒரு குப்பி, பாதியாக உடைத்த சவர பிளேடு ஒன்று.

அவர் பார்த்தது டச்சிங் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முட்டை வாங்கினாலும் டிராயிங்கில் முதல் ஆள். பத்தொன்பது வயதில் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தவர், கல்யாணப் பெண்களின் முகப்பருவை நீக்கினார், மாப்பிள்ளைகளின் மாறுகண்ணை நேராக்கினார். தாடை தொங்கிய மிராசுதார்களுக்குத் தாடையைத் தூக்கிக் கொடுத்தார். கண்ணாடி பொய் சொல்லாது என்பார்கள், தனிஸ்லாஸ் கைபட்ட ஃபோட்டோ நன்றாகவே சொல்லும்.

1969இல் ஒரு பாத்திரக்கடைக்காரர் அடுத்த வருடத்துக் காலண்டருக்குப் பன்னிரண்டு தெருப் படங்கள் கேட்டார். மாசத்துக்கு ஒன்று. புதுமண்டபம், மஹால், வைகைப் பாலம், கோரிப்பாளையம் என்று முதலாளி வெள்ளைத்துரை பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்து எடுத்தார். பாத்திரக்கடைக்காரருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்.

"கட்டடம் தெரியணும், கோபுரம் தெரியணும். வழியில போற பய மூஞ்சி எதுக்கு என் காலண்டர்ல?"

அதனால் தனிஸ்லாஸ் ஆட்களை அழித்தார். அதில் இரண்டு வழி உண்டு. ஃபிலிமில் எல்லாம் தலைகீழ், கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். வெளிச்சமான சுவருக்கு முன்னால் இருண்டு தெரியும் ஆளை ஃபிலிமில் சிவப்புச் சாயம் பூசி மறைத்துவிடலாம். இருட்டுக்கு முன்னால் வெள்ளையாகத் தெரியும் ஆள்மேல் சாயம் ஏறாது, பிளேடால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். சாயம் கழுவினால் போய்விடும். சுரண்டியது சுரண்டியதுதான்.

காலண்டர் வந்தது. ஊரே பாராட்டியது. வீட்டில் மாட்டியபோது அவர் மனைவி பாக்கியம் மட்டும் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஊர்ல எதுவும் கொள்ளைநோயா? ஒரு சனத்தக் காணோம்?" என்று கேட்டாள். தனிஸ்லாஸுக்குச் சுருக்கென்றது. பொம்பளைக்குக் கலை எங்கே தெரியும் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் கைவசம் இருக்கிற சமாதானம் அது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1981இல் ஒருநாள் முற்பகலில், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். பெயர் ஒச்சாயி. உசிலம்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண், வாக்கப்பட்டது செல்லூரில். கோரிப்பாளையம் முக்கில் கூடை வைத்துப் பழம் விற்பவள். கொய்யா, நாவல், வெள்ளரிப்பிஞ்சு என்று அந்தந்தக் காலத்துக்கு வருவதை விற்பாள்.

முக்கில் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். நடைபாதையில் இருப்பவர்களைக் கிளப்பிவிட்டு, பத்து வருடத்துக்குக் குறையாமல் அங்கேயே கடை போட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப் புதுக்கடை தருகிறார்கள். அத்தாட்சி வேண்டும். திங்கட்கிழமை விசாரணை.

"ரேசன் கார்டுல வீடு இருக்குண்ணே, கூடை வச்ச எடம் இருக்குமா? சாட்சிக்கு யாரக் கூப்புட்டாலும் அவுகளுக்கே கடை வேணும்ங்கிறாக. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. ஒங்க மொதலாளி கறுப்புத் துணியப் போத்திக்கிட்டு எங்களப் படம் புடிச்சாருல்ல? காலண்டர்ல கூட வந்துச்சாம். அதுல நான் இருக்கேண்ணே."

தனிஸ்லாஸ் வேறு வழியில்லாமல் பழைய காலண்டரை எடுத்து ஆகஸ்ட் மாதத்தைப் பிரித்துக் காட்டினார். கோரிப்பாளையம் முக்கு. சுண்ணாம்படித்த நீளச் சுவர், ஓரத்தில் ஒரு வேப்பமரம், தூரத்தில் தர்காவின் குவிமாடம். சுவரோரம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

ஒச்சாயி விரலை வைத்துச் சுவர் நெடுகத் தேடினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, மறுபடியும் இந்தக் கோடி.

"என்னைய எங்கண்ணே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனிதர் சொல்லவில்லை. "படம் புடிக்கையில நீ எந்திரிச்சுப் போயிருப்பம்மா" என்றார். நாற்பது வருடமாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் வாயிலிருந்து பொய் எவ்வளவு சுளுவாக வந்தது பாருங்கள்.

அவள் முந்தானையால் காலண்டரின் தூசியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அலமாரியைக் குடைந்து அந்த ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் அவர் கைவரிசை. சுவர்ப்பக்கம் சிவப்புச் சாயத் திட்டு, வேப்பமரத்துப் பக்கம் பிளேடு சுரண்டிய தழும்பு. இதில் ஒச்சாயி எது? வந்தவள் கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. வெள்ளை என்றால் பிளேடு.

குடையை எடுத்துக்கொண்டு முக்குக்கு நடந்தார். பஸ்களும் ஸ்கூட்டர்களும் புழுதி கிளப்பும் இடத்தில், அதே சுவரோரம் அவள் கொய்யா அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, படம் புடிச்ச அன்னைக்கு என்ன சேலை கட்டியிருந்த?"

ஒச்சாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குண்ணே கேக்குறீக?"

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னார். காலண்டர், நிபந்தனை, சாயம், பிளேடு எல்லாம். கேட்டு முடித்தவளின் முகம் சிவந்துவிட்டது.

"மழை வெயிலுனு பாக்காம அம்புட்டு நாளும் ஒக்காந்து கெடந்தவள அழிச்சீகளா? அப்படி என்னண்ணே அசிங்கமா இருந்தேன் நானு?"

"அசிங்கம் ஒன்கிட்ட இல்லம்மா" என்றார் தனிஸ்லாஸ்.

அவள் ஒரு கொய்யாவை எடுத்துத் துடைத்தாள். பிறகு சொன்னாள். "அரக்குச் செவப்புச் சுங்குடி. வீட்டுக்காரரு வாங்கிக் குடுத்தது. இந்த வெள்ளையெல்லாம் அவரு போயி ஆறு வருசமாத்தான். நான் சொவத்தோரம் ஒக்காந்திருந்தேன், அவரு வேப்பமரத்துல சாஞ்சு நின்னாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு."

தனிஸ்லாஸுக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, மறுபக்கம் போனது. சாயத்துக்குக் கீழே ஒச்சாயி இருக்கிறாள். அவள் புருஷன் சோணையை பிளேடு தின்றுவிட்டது.

ஃபிலிமைக் கழுவப் போகிறேன் என்றதும் வெள்ளைத்துரை குதித்தார். "பழைய ஃபிலிம்யா, ஊறப்போட்டா மேல்பூச்சு உரிஞ்சு வந்துரும். அப்புறம் சுவரும் இருக்காது, தர்காவும் இருக்காது!" அவர் பயமும் நியாயமானதுதான். தனிஸ்லாஸ் தட்டில் சில்லென்ற பானைத் தண்ணீரை ஊற்றி, அரைமணிக்கு ஒருதரம் மாற்றி மாற்றி, கையால்கூடத் தொடாமல் தட்டை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது தண்ணீரில் சிவப்பு நூல் நூலாகப் பிரிந்து வந்தது. ஏழாவது தண்ணீர் தெளிவாக இருந்தது. பூச்சு உரியவில்லை. அவர் சட்டையெல்லாம் வியர்வை.

காயவைத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டார். மருந்துத் தண்ணீரில் கிடந்த தாளில் முதலில் சுவர் வந்தது, பிறகு மரம். அதன்பின் சுவரோரமாக ஒச்சாயி வந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தராசைப் பிடித்துக்கொண்டு, கேமராவை நேருக்குநேர் பார்த்து ஒரு சிரிப்பு. முன்னால் கூடை. வேப்பமரத்துப் பக்கம் கறுப்புத் தழும்புதான். ஆனால் அந்தத் தழும்பிலிருந்து ஒரு கை நீண்டு வந்து, வெள்ளைச் சுவருக்கு முன்னால், அவளிடம் ஒரு பழத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. முழங்கைவரைக்கும் கறுத்த, நரம்பு புடைத்த கை. சுவருக்கு முன்னால் இருண்டு தெரிந்ததால் அதன்மேல் அன்றைக்குச் சாயத்தைத்தான் பூசியிருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் ஒச்சாயியிடம் காட்டினார். தன்னைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கம் வந்தது. அடுத்து அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்ததும் நடுரோடு என்றும் பாராமல் வாய்விட்டு அழுதுவிட்டாள்.

"அவரு கைண்ணே. இந்தா, சுண்டுவெரலு வளைஞ்சிருக்குல்ல, கெணத்துல கமலை இறைக்கையில கயிறு இழுத்து ஒடிஞ்சது. அவரு படம்னு ஒன்னுகூட எங்கிட்ட இல்லண்ணே."

"மிச்சத்த நான்தாம்மா…"

"தெரியும். அதான் சொன்னீகளே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இருந்ததா போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

அதன்பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் மற்ற பதினோரு ஃபிலிம்களையும் கழுவிவிட்டார். புதுமண்டபத்தில் தையல்காரர்கள் வந்தார்கள். வைகைப் பாலத்தில் துணி மூட்டையோடு ஒரு கழுதையும் அதை அடிக்க ஓங்கிய கையும் வந்தன. மஹால் வாசலில் பலூன்காரர் ஒருவர் வந்தார். கூடவே உட்கார்ந்து எண்ணிய பாக்கியம், "அறுபத்தி மூணு பேருங்க" என்றாள். மதுரை மறுபடியும் மதுரை மாதிரி இருந்தது. நாற்பது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமான வேலையை அவர் பார்த்ததில்லை.

விசாரணைக்கு அவரும் கூடப் போனார். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வருடம் அச்சடித்த காலண்டர் தாளையும் புதுப் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே சுவர், சுவரில் அதே விரிசல், வானத்தில் அதே மேகம். ஒன்றில் ஒச்சாயி இல்லை, மற்றதில் இருந்தாள். எப்படி என்று கேட்டார். தனிஸ்லாஸ் விளக்கினார். அதிகாரி தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"சரிம்மா, கடை உனக்குத்தான். யார் பேர்ல எழுத?"

"சோணை, ஒச்சாயின்னு ரெண்டு பேரு பேரையும் போடுங்க சார்."

"சோணை யாரு? படத்துல நீ மட்டும்தான இருக்க?"

ஒச்சாயி அந்தக் கையின்மேல் விரலை வைத்தாள். அதிகாரி குனிந்து பார்த்தார். அவருக்கு அது கையா கிளையா என்று சந்தேகம் வந்தது முகத்திலேயே தெரிந்தது.

தனிஸ்லாஸ் எழுந்தார். ஆபீசில் அந்த நேரம் ஏகப்பட்ட கூட்டம். முக்கில் கடை போட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

"ரெண்டு பேரு இருந்தாங்க சார்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "முழு ஆளா நின்னாரு. சுரண்டி எடுத்தது நான்."

அதிகாரி அவரையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பேனாவை உதறி, முதலில் சோணை என்று எழுதினார்.