குச்சி கொண்டுவந்த நாரை

இன்று காலை பதுளைக்குக் கீழே உள்ள குளத்தில் நாரைகள் கூடு கட்டுவதைப் படம் எடுத்தேன். ஆண் குச்சி கொண்டுவந்து நீட்ட, பெண் அதை வாங்கிக் கூட்டில் செருகியது.

புல்லறுக்க வந்த தோட்டத்துப் பெண் எட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு வெறகு கொண்டாந்தா, ஈரமா இருக்குன்னு எங்கிட்ட திட்டுதான் வாங்குவாரு. உங்க வீட்டம்மா எப்படிங்கய்யா?"

"மக பிரசவத்துக்குக் கொழும்பு போனாங்க. பேரனுக்குப் பல்லே மொளச்சிருச்சு."

"அப்ப வரச் சொல்லுங்களேன்!"

மனைவிக்குப் படத்தை அனுப்பினேன். 'வந்துவிடேன்' என்று எழுதி, அவசரப்படுத்துகிறேனோ என்று அழித்துவிட்டேன்.

"படம் நல்லாருக்கு. கொடை எடுத்துட்டுப் போனீங்களா?" என்று பதில் வந்தது.

அவள் இந்தப் பதிவையும் படிப்பாள். எப்போது வருகிறாள் என்று நீங்களாவது கீழே கேளுங்களேன்.