தோணி மருந்து பூசிய கதவு

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் முன்கதவு குடும்ப மானத்தையே வாங்கப் பார்த்தது!

தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருக்கிறோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை அந்த வீட்டோடு வந்துவிடுவார். ஆகவே மாப்பிள்ளையின் உம்மா வந்தால் பெண்ணை மட்டுமா பார்ப்பார்? சுவர், கூரை, கதவு... எல்லாம்தான். போன வருடம் வந்த சம்பந்தம் கூரையைக் குறைசொல்லியே நின்றுபோனது. தங்கச்சி பல நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இதுவும் போனால்?

புதுத் தேக்கங்கதவு. உள்பக்கத்தில் ஆணி இறக்கிய துளைகளும் பலகை இடுக்குகளும் அடைபடாமல் இருந்தன. அவற்றை அடைத்த பிறகுதான் சாயம் பூச வேண்டும். கதவு செய்த ஓடாவியோ சனிக்கிழமைதான் வருவேன் என்றுவிட்டார். விருந்தாளிகள் வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரருக்குப் பொறுக்குமா?

நேரே பாண்டிருப்புக் கடற்கரைக்குப் போனார். தோணி வைத்திருக்கும் கூட்டாளியிடம் ஒரு சிரட்டை நிறையக் கலவை வாங்கிவந்தார். தோணிப் பலகை இடுக்குகளில் பூசுகிற, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவை.

"இதென்னத்துக்கு?" என்றேன்.

"கடல் தண்ணியே உள்ள வராத மருந்து புள்ள. ஆணி ஓட்டைக்கு இது காணாதா?"

துளைக்கு மட்டும் வைத்தாரா? விரலால் வழித்துச் சுற்றிவரத் தாராளமாகத் தேய்த்தார். வெள்ளி காலையில் சாயம் பூசினார். மரம் நன்றாகக் குடித்தது – கலவை பட்ட இடங்களைத் தவிர! கடலையே உள்ளே விடாத சாமான் சாயத்தை மட்டும் விடுமா? கதவுக்குக் கொப்புளிப்பான் போட்டது மாதிரி எங்கு பார்த்தாலும் வெளிறிய பொட்டுகள். சுரண்டினார், உரசினார். எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது.

தங்கச்சி வந்து பார்த்தாள்.

"ராத்தா, இதுவும் போகப்போகுதா?"

கதவை விரியத் திறந்து சுவரோடு சேர்த்துவைத்தேன். கெட்டுப்போன பக்கம் சுவர்ப் பக்கமாக மறைந்தது. வருகிறவர்களுக்கு வாசலைத் திறந்துவைப்பது மரியாதைதானே!

மாமி, அதாவது மாப்பிள்ளையின் உம்மா, வந்தார். வட்டிலப்பம் சாப்பிட்டார். கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். புறப்படும்போது வாசலில் நின்றார்.

"பூட்டு எப்பிடி இரிக்கிண்டு பாப்பம்" என்று கதவை இழுத்துச் சாத்தினார்.

யா அல்லாஹ்... நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதென்ன மகள்?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நான்தான் மாமி. ஓடாவி வாறதுக்குள்ள முடிப்பமெண்டு, தோணிக்குப் பூசுறத இதுக்குப் பூசிட்டன்."

மாமி கதவை முகர்ந்து பார்த்தார். பிறகு கதிரையில் குந்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! என்ட மகனும் இப்பிடித்தான் தம்பி. ரேடியோவத் திருத்துறண்டு கழட்டுவான், பொறகு பூட்ட ஏலாது. இவன எந்த வீட்டாக்கள் பொறுக்கப்போறாங்களோண்டு எனக்கு நித்திரையே இல்ல. இஞ்ச அதுக்குப் பழகின ஆக்கள்தான் இரிக்காங்க!"

அப்பாடா! அறைக்குள் தங்கச்சி சிரித்தது வெளியே கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் வீட்டார் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். பாருங்கள், அவர்களும் ஒன்றை மறைத்துக்கொண்டுதான் எங்கள் படியேறியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை ஓடாவி வந்தார். எண்ணெய் ஊறிய இடத்தையெல்லாம் சீவியெடுத்து, அதே தேக்கின் தூளைப் பசையில் குழைத்துத் துளைகளை அடைத்தார். காயவிட்டு, உரசி, சாயம் பூசினார். கதவு இப்போது ஒரே நிறம்.

நிக்காஹ் அடுத்த மாதம். அதற்குள் எங்கள் ரேடியோவை ஒளித்துவைக்க ஓர் இடம் பார்க்க வேண்டும்!