ஈக்குப் பேன்

பல்கலைக்கழக ஆய்வகத்தில் பழ ஈக்களைப் பராமரிப்பது சாந்தகுமாரியின் வேலை. குப்பிகளில் தீனி ஊற்றுவாள். மயக்கிய ஈக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்து வைப்பாள். தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்யும் அவள் அம்மா ஆராயி, கேட்பவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு பி.எஸ்சி. முடிச்சிட்டு ஈக்குப் பேன் பாக்குது" என்பாள். வீட்டில் முதல் பட்டதாரி. இதற்குத்தானா படித்தோம் என்று பஸ்ஸில் நின்றபடி தன்னையே கேட்டுக்கொள்வாள் சாந்தா.

ஒருநாள் உண்மையாகவே பார்த்துவிட்டாள். ஈயின் வயிற்றில் வெளிறிய தூசி போல ஒன்று. தூசிக்குக் கால்கள் இருந்தன. ஈயை உறிஞ்சி வாழும் உண்ணி. பரவினால் அறையிலுள்ள அத்தனை ஈக்களையும் அழிக்கவேண்டியதுதான். 'ஜுக்கிக் குடிசையிலிருந்து வருகிறவள், அவள்தான் கொண்டுவந்திருப்பாள்' என்று யாராவது சொல்லிவிட்டால் வேலை போய்விடும். பேசாமல் இந்தக் குப்பியை மட்டும் கொட்டிவிடலாமா? அப்புறம் மற்ற குப்பிகளின் கதி?

பக்கத்து மேஜையில், அக்கா என்ற பொருளில் சாந்தா 'தீதி' என்று கூப்பிடும் ஆராய்ச்சி மாணவி அபூர்வா இருந்தாள். பதற்றத்தில் சாந்தாவுக்கு வீட்டு வார்த்தைதான் வந்தது.

"தீதி, ஈ மேல பேன்."

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த அபூர்வா, "அச்சா, சாரி" என்று எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.

"அந்த ஃபேன் இல்ல தீதி. தலையில இருக்குமே, அது."

"தலைக்கு மேலதானே இருக்கு? ஆஃப் பண்ணிட்டேனே."

சாந்தா தன் தலையை வறட்டு வறட்டென்று சொறிந்து காட்டினாள். சிரித்துக்கொண்டே நுண்ணோக்கியில் குனிந்த அபூர்வா, சிரிப்பை நிறுத்தினாள்.

"இது வெளி லேப்லேருந்து நான் வாங்கிண்டு வந்த குப்பி. தனியா வெக்காம சேத்துட்டேன்." நிமிர்ந்து சாந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பார்க்கலேன்னா என் மூணு வருஷ வேலை போயிருக்கும்."

பேராசிரியர் மகாதேவனிடம் அவளே போய், "தப்பு என்னுது சார். கண்டுபிடிச்சது சாந்தா" என்றாள். கதவருகே நின்ற சாந்தாவுக்குக் கண் கலங்கியது. கொட்டிவிட நினைத்த தன் கையை ஏதோ ஒன்று தடுத்ததே, அதற்கும் சேர்த்து நன்றி சொல்லத் தோன்றியது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இருவரும் தினமும் ஒவ்வொரு ஈயாகப் பார்த்து, சுத்தமானவற்றைப் புதுக் குப்பிகளுக்கு மாற்றினார்கள். பழையவை கொதிநீருக்குப் போயின. அடுத்த தலைமுறை ஈக்களில் ஒன்றின் மேலும் உண்ணி இல்லை.

"வெளியிலேருந்து எது வந்தாலும் முதல்ல சாந்தா பார்க்கட்டும்" என்றார் மகாதேவன்.

மறுவாரம் பார்சல் வந்தது. யாரும் பிரிக்கவில்லை. அவள் மேஜையில் வைத்துவிட்டு, அவள் வரும்வரை காத்திருந்தார்கள்.