முப்பத்திரண்டு மில்லிமீற்றர்

லாபிர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. நம்பாதவர்கள் நீராவிப்பிட்டிக்குப் போய் அவருடைய வலது பெருவிரலைப் பார்க்கலாம். சூட்டுத் தழும்பு. நெருப்பே மூட்டாத ஒரு எஞ்சின் சுட்டது.

புத்தளத்திலிருந்து அவர் ஊர் திரும்பிப் பதினொரு வருடம். மனைவி கைருன்னிஸாவும் பிள்ளைகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். லேத் மெசின் போட்ட கொட்டிலும், பின்னால் ஒரு அறையும்தான் வீடு. வேலைக்கு வருகிறவர்கள் "அண்ணை" என்பார்கள். பள்ளிவாசலில் "நானா" என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை.

போன நவம்பரில் தர்மபுரத்திலிருந்து சுதாஜினி ரீச்சர் வந்தார். கையில் சப்பாத்துப் பெட்டி. உள்ளே ஒரு சாண் நீளத்தில் பித்தளை நீராவி எஞ்சின். தண்ணீர் விட்டு ஸ்பிரிட் கொளுத்தினால் உண்மையாகவே ஓடும்.

"செத்துப்போன அப்பான்ர. அவற்ற தண்டவாளம் கறள் பிடிச்சுப் போச்சு. தம்பி லண்டனிலயிருந்து அனுப்பின புதுத் தண்டவாளம் ஒடுக்கம். சில்லுகளைக் கிட்டக் கொண்டுவரேலுமோ? அவர் செத்து வருசம் முடியிற ஆட்டைத் திவசத்தண்டைக்கு ஓட விடோணும்."

"இப்ப இடைவெளி எவ்வளவு?"

"நாப்பத்தஞ்சு மில்லிமீற்றர். முப்பத்திரண்டாக்கோணும்."

"ஓம். வைச்சிட்டுப் போங்கோ."

செவ்வாய்க்கிழமை. அச்சில் இருந்த சின்ன ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, சில்லுகளை உள்ளே தள்ளி இறுக்கினார். அளந்தார். சரியாக முப்பத்திரண்டு. பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுதுவிட்டு 3.55க்கு வந்து பார்த்தார்.

நாற்பத்தைந்து.

ஸ்க்ரூக்கள் இறுகித்தான் இருந்தன. மறந்துவிட்டேன் போல, என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை திரும்பவும் செய்தார். கொட்டிலைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு போனார். 3.55. பூட்டு பூட்டியபடி. சில்லு நாற்பத்தைந்தில். அச்சில் புது எண்ணெய் வேறு மினுங்கியது... அவர் எண்ணெய் விடவே இல்லை.

வியாழக்கிழமை தொழப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. எஞ்சினுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். வெளியே மழை.

3.40. ஒன்றுமில்லை.

3.50. மழை விட்டது.

3.52.

டிக்...

ஒரு ஸ்க்ரூ தானாகத் திரும்பியது.

உஸ்ஸ்... கொதிக்கிற சத்தம். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. ஸ்பிரிட்டும் இல்லை. பெருவிரலால் தொட்டார்.

சுட்டது.

டிக்... டிக்... சில்லுகள் மெல்ல விலகின.

"லாபிர்..."

காதுக்குப் பின்னால். வயதான குரல்.

அவருக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோசம். "ஓம்" என்று திரும்பினார்.

ஒருவரும் இல்லை.

"லாபிர்... விடும்."

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் எஞ்சினைக் கொண்டுபோய்த் தர்மபுரத்தில் கொடுத்தார்.

"ரீச்சர், இது என்னால ஏலாது."

நடந்ததைச் சொன்னார். குரல் தன் பேரைச் சொன்னதையும் சொன்னார். ரீச்சர் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட பேர் என்ன அண்ணை? கடைப் பலகையில பேர் இல்லை. நான் கேக்கவுமில்லை."

"லாபிர்."

ரீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா ஆஸ்பத்திரியில கடைசி மூண்டு நாளும் ஆரோ ஒராளோடதான் கதைச்சவர். எங்களோட இல்லை. ஆர் எண்டு சொந்தக்காரர் எல்லாரிட்டையும் கேட்டனாங்கள். அப்பிடி ஒராளை ஒருத்தருக்கும் தெரியேல்ல."

"என்ன கதைச்சவர்?"

"ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவர்... 'லாபிர், விடும்'."