கண்டக்டரின் நனையாத விரல்

பத்தாவது வரை படித்த நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டரின் கிளினிக்கில் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. தினமும் நான் போகும் ஆனேக்கல் பஸ்ஸின் கண்டக்டர், விரலை நாக்கில் தொட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். அன்று மூன்று முறை தொட்டும் விரல் நனையவில்லை. கடைவாயில் பெப்பர்மின்ட் இருந்தது. ஈறோரம் பற்கள் கறுத்திருந்தன.

"பிரஷர் மாத்திரை மாத்தினதுலேர்ந்து வாய் காயுதக்கா. இதை ஒதுக்கிக்கிட்டாதான் 'ரைட்'டுன்னு கத்தவே முடியுது."

"எச்சில் இல்லாத வாயில சர்க்கரை நின்னா பல்லெல்லாம் சொத்தையாயிடும்ங்க. பிரஷர் டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மாத்திரை தருவார்," என்றேன். அவ்வளவு பேசியதே எனக்குப் பெரிது.

"பல்லு போனா போவுது. குரல் போனா வேலையில்ல போயிடும்!" என்று சிரித்தார். கீழ்ப்பல் ஒன்று ஆடியது.

மறுநாள் சின்ன டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு வைத்து, அதில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழித்தார். வாயில் இரண்டு பெப்பர்மின்ட் இருந்தன.