அம்மா ஓநாய் அடித்த கதை

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கறிக்கடைக்குப் போனால், கோழி அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவள் எங்கள் அம்மா. அப்பேர்ப்பட்டவள், நான் ஐந்தாவது படித்த வருஷம் கணக்கில்லாத ஓநாய்களை வெட்டிச் சாய்த்தாள். எல்லாம் செல்போனுக்குள்தான். இருந்தாலும் அந்த ஓநாய்களை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அம்மா அப்போது மஸ்கட்டில் இருந்தாள். செவிலிமேட்டில் நாங்கள் கட்ட ஆரம்பித்த வீடு, சுவர் எழும்பியும் தளம் போட வழியில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்காகத்தான் ஒரு வசதியான வீட்டில் வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். முகம் பார்த்துப் பேசும் வீடியோ காலுக்கெல்லாம் அந்த ஊரில் தடை, வேலை செய்யாது. சாதாரண போனில் பேசினால் 'நல்லாயிருக்கியா, படிக்கிறியா' என்பதற்குள் வைத்துவிட வேண்டும். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, அவன்தான் வழி கண்டுபிடித்தான். அம்மா போனிலும் அப்பாவின் பழைய போனிலும் ஒரே விளையாட்டை ஏற்றச் செய்தான். ஆடிக்கொண்டே உள்ளே எழுதிப் பேசிக்கொள்ளலாம். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமும், அங்கே அந்த அம்மாள் மத்தியானம் கண்ணயரும் நேரமும் ஒன்றாக அமைந்தது. ஒரு மணி நேரம் அம்மா எனக்கு மட்டும்.

அந்த விளையாட்டில் லெவல் ஏற இரண்டு வழி. ஊருக்குள் அங்கங்கே நிற்கும் ஆட்கள் ஆளுக்கொரு வேலை சொல்வார்கள். அதைச் செய்து முடித்தால் கொஞ்சம் ஏறும். அதற்குப் பெயர் குவெஸ்ட். இல்லாவிட்டால் காட்டுக்குள் இறங்கி மிருகங்களை அடிக்க வேண்டும். அடித்தால் மளமளவென்று ஏறும். அம்மா காட்டுப் பக்கமே போகமாட்டாள். திரையில் பச்சைப் பாவாடையும் இடுப்பில் வாளுமாக ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பாள், அந்த வாளை உருவியதே இல்லை.

அவள் சுபாவம் அது. மஸ்கட் போவதற்கு முன் பிள்ளையார்பாளையத்தில் தறி வீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போய்க்கொண்டிருந்தாள். தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல் தீர்ந்தால், அதன் நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. நாள் முழுக்க ஒரு வீட்டில் உட்கார்ந்தால் அந்த வீட்டுக் கதை எல்லாம் அவள் காதுக்கு வந்துவிடும். விளையாட்டுக்குள்ளும் அதே மாதிரிதான் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"இந்த தாத்தா ஆட்டக் காணோம்னு அழுதுக்கினு இருக்காரு கண்ணு. வா, தேடிக் குடுத்துட்டு வரலாம்" என்று எழுதுவாள்.

இரண்டு பேரும் நடப்போம். நடக்கும்போதே கேள்வி வரும். இன்னா சாப்ட? தலைக்கு யாரு எண்ணெ வெச்சாங்க? அப்பா கத்தினாரா? ஆடு கிடைப்பதற்குள் என் அன்றைய நாள் முழுவதையும் சொல்லி முடித்திருப்பேன். எனக்கோ எரிச்சல். இவ்வளவு மெதுவாகப் போனால் எப்போது லெவல் ஏறுவது?

போதாக்குறைக்கு அண்ணன் வேறு ஏற்றிவிட்டான். விளையாட்டில் ஒரு மலை உண்டு. இருபதாம் லெவல் எட்டியவர்களைத்தான் அது தாண்ட விடும். "நீ உங்கம்மாகூட சேர்ந்துக்கினு ஆடு மேய்ச்சினே இரு. ஜென்மத்துக்கும் மலையத் தாண்டமாட்ட" என்றான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அரைப் பரீட்சை லீவில் தனியாகக் காட்டுக்குள் இறங்கி, அப்பா ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை அடித்தேன், அடித்தேன், கட்டைவிரல் மரத்துப்போகும்வரை அடித்தேன். ஒரு நாள் மலையைத் தாண்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா எழுதினாள்: "எங்க கண்ணு இருக்க? நான் கெணத்தாண்ட நிக்கிறேன்."

"நான் மலைக்கு அந்தப் பக்கம் வந்துட்டேம்மா. உன்ன விடாது. நீயும் சண்ட போடு, வந்துடலாம்."

பதிலுக்கு, "அந்த ஓநாயி நம்மள இன்னா பண்ணுச்சு, பாவம்" என்று வந்தது.

"அப்ப அங்கயே இரு" என்று எழுதினேன்.

மறுநாள் அம்மா வாளை உருவினாள். "ஒண்ண அடிச்சிட்டேன் கண்ணு, கத்துது" என்று ஒரே ஒரு வரி. அப்புறம் அதுவும் இல்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்கக்கூட அவளுக்குக் கை ஒழியவில்லை. ஆனால் காலையில் எழுந்து போனைத் திறந்தால் அவள் லெவல் ஏறியிருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கம்மா ராத்திரியில்கூடச் சண்டை போடுகிறாள் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவனே அசந்துபோனான்.

ஒரு சாயங்காலம் பச்சைப் பாவாடை மலை இறங்கி வந்தது.

"வந்துட்டேன் கண்ணு. இங்க யாருக்கு இன்னா வேணுமாம், கேளு."

நாங்கள் சேர்ந்து ஆடிய கடைசி நாள் அது. மறுநாளிலிருந்து அம்மா விளையாட்டுக்குள் வரவில்லை. அடுத்த வாரம் அவளே வந்துவிட்டாள், பெட்டியோடு, அப்பாவின் ஆட்டோவில். கண்ணெல்லாம் உள்ளே போய் ஆளே பாதியாக இருந்தாள். பெட்டியை இறக்கி வைத்த அப்பா வீட்டுக்குள் வராமலே திரும்ப வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சவாரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நர்சிங் முடித்து முதல் நைட் டியூட்டிக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான் அப்பா விஷயத்தைச் சொன்னார். மஸ்கட்டில் அந்த வயதான அம்மாள் ராத்திரி எழுந்து பாத்ரூம் போக அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். பல தடவை கூப்பிட்டிருக்கிறார். பல ராத்திரி தூங்காத அம்மாவுக்கு அன்றைக்குக் காது கேட்கவில்லை. தனியாக எழுந்து போனவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அந்த வீட்டார் அம்மாவைக் கையோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். "டியூட்டில தூங்கிடாதமா" என்பதற்காகத்தான் அப்பா அதைச் சொல்ல வந்தார். அவருக்கு ஓநாய்க் கதை தெரியாது. அந்த ராத்திரிகளில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத்தான் தெரியும். அம்மா அவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் அவள் வந்து இறங்கிய அன்று எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தெருவில் வீடு வீடாக ஓடினேன். நான் சொல்லித்தான் அம்மா சண்டை போட்டாள், லெவல் ஏறினாள், அதனால்தான் வந்துவிட்டாள், நான்தான் கூட்டி வந்தேன் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடமே கேட்டார்கள்: "இன்னாக்கா, ரெண்டு வருஷம்னு போன, அதுக்குள்ள வந்துட்ட? உம் பொண்ணு ஏதேதோ சொல்லிக்கினு திரியுது."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆமாண்டி, இவதான் என்னெ இட்டுக்கினு வந்தா" என்றாள்.

பார்த்தாயா என்று நான் அந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தேன்.